ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு இரண்டு

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "ஆபீஸ் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். விளக்கமாகச் சொன்னால் வம்பு. வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இல்லாத வீடு எது? "அப்படியா, எங்க பொண்ணுகூட போட்டிருக்கா, நம்பர் தரட்டுமா?" என்று பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள். நம்பரை வாங்கி நான் என்ன செய்ய? மாலையாகக் கட்டிப் போட்டுக்கொள்ளவா?

பெரிய கம்பெனிகள் ஆளெடுக்கும் வேலையை எங்கள் கம்பெனியிடம் கொடுத்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் வருகிற விண்ணப்பங்களில் முதல் சுற்றுக் கழிவை நாங்கள் செய்து தர வேண்டும். மூன்றாம் மாடியில் ஆறு இருக்கைகள். திறக்க முடியாத ஒரு ஜன்னல். சொட்டுகிற ஏசிக்குக் கீழே ஒரு நீல வாளி. கட்டிடத்தில் மற்றவர்கள் எங்கள் அறைக்குச் சல்லடை ரூம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிப்டில் ஏறினால் "சல்லடையா? மூணா?" என்பார்கள். எனக்கு நாலாம் நம்பர் இருக்கை. ஐந்து வருடமாக அதே நாற்காலி, இடது கைப்பிடி மட்டும் மாற்றித் தந்தார்கள்.

திரையில் ஒரு மார்க் ஷீட்டின் படம் வரும். பெயர், ஊர், முகம் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை. மேலே விண்ணப்பதாரர் அடித்த சதவீதம். மார்க் ஷீட்டும் அவர் அடித்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கம்பெனி கேட்ட அளவுக்கு இருந்தால் வலது பொத்தான், இல்லாவிட்டால் இடது. அவ்வளவுதான். இதைக் கம்ப்யூட்டரே செய்யாதா என்றால், செய்யாது. ஒரு பல்கலைக்கழகம் நூற்றுக்குப் போடும், இன்னொன்று பத்துக்குப் போடும், மூன்றாவது நாலுக்குப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கணக்குச் சொல்லும். சிலர் மார்க் ஷீட்டைத் தலைகீழாகப் படமெடுத்து அனுப்புவார்கள். ஒரு மகராசன் குழந்தையின் மடியில் வைத்து எடுத்திருந்தான். குழந்தையின் முகத்துக்கும் கறுப்புப் பட்டை விழுந்திருந்தது.

கறுப்புப் பட்டை முதலில் கிடையாது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஆள் தன் சித்தப்பா மக்கள் மூன்று பேரை வரிசையாக வலது பக்கம் தள்ளிவிட்டுவிட்டான். மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு பெயர் தெரியக் கூடாது, முகம் தெரியக் கூடாது, எண் மட்டும்தான் என்று ஆனது. நியாயமான ஏற்பாடுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் இரண்டாம் வகுப்பு. ஐம்பத்தாறு. அதில் எனக்கு வருத்தம் என்று சொன்னால் பொய், இல்லை என்று சொன்னாலும் பொய். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அறுபத்தொன்று வாங்கினாள். இருவரும் ஒரே நாளில் இந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தோம். அவளை முதல் மாடியில் முப்பதாயிரத்தில் ஆரம்பித்தார்கள், என்னை மூன்றாம் மாடியில் பதினெட்டில் ஆரம்பித்தார்கள். வருடத்துக்கு இருவருக்கும் ஏழு சதவீத உயர்வு. ஏழுக்கு ஏழு, சமம்தானே என்று முதல் வருடம் நானும் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. முப்பதின் மேல் ஏழு வேறு, பதினெட்டின் மேல் ஏழு வேறு. வருடா வருடம் அவளுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் அகலமாகிக்கொண்டே போகிறது, ஏழு சதவீத வேகத்தில். கேன்டீனில் பார்த்தால் இன்னும் சிரிப்பாள். நல்லவள்தான்.

ஆனால் வீட்டில் ஒரு முதல் வகுப்பு இருந்தது. என் தம்பி.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அப்பா எலக்ட்ரீஷியன். முழங்கால் போன பிறகு ஏணி ஏறுவதில்லை, சுவிட்ச் போர்டு வேலை மட்டும் செய்கிறார். தம்பிக்குப் பட்டம் வந்த அன்று அதைச் சட்டம் போட்டு, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நூல் பிடித்த மாதிரி மாட்டினார். "முதல் வகுப்பு" என்ற எழுத்து கதவைத் திறந்ததும் கண்ணில் படவேண்டும் என்று இரண்டு தடவை ஆணியை மாற்றினார். போகிற வீட்டிலெல்லாம் சுவிட்சைக் கழற்றுவதற்கு முன்னால் இந்தச் செய்தியைச் சொல்லிவிடுவார்.

"என் மகன் ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்க."

"பொண்ணு?"

"பொண்ணும் படிச்சிருக்கு" என்பார். அப்பா பொய் சொல்லமாட்டார், அதுவரைக்கும் நிறுத்திக்கொள்வார்.

அவன் வாங்கியது ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு இரண்டு. அவன் பல்கலைக்கழகத்தின் விதி, அரைக்கு மேல் இருந்தால் முழுசாக்கிவிடுவார்கள். ஆக அறுபது. ஆக முதல் வகுப்பு. பட்டத்தில் சதவீதமே இல்லை, வகுப்பு மட்டும்தான். மார்க் ஷீட்டில் வகுப்பு இல்லை, சதவீதம் மட்டும்தான். இதில் எந்த மோசடியும் இல்லை. எழுதி வைத்த விதி.

இரண்டு வருடமாக அவன் போடாத விண்ணப்பம் இல்லை. நடுவில் ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான், ஒன்பதாயிரத்துக்கு. அப்போதுதான் அந்தக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. அலுவலர் பயிற்சி. முதல் வகுப்பு மட்டும். படிப்பு முடித்து இரண்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஆரம்பச் சம்பளம் முப்பத்தெட்டாயிரம். தம்பிக்கு இரண்டு வருடம் முடிய ஐந்து வாரம் இருந்தது. இதை விட்டால் அந்த மாதிரி வேலைக்கு அவன் வாழ்நாளில் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. எல்லாக் கம்பெனியும் இப்போது இந்த இரண்டு வருடக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பிறகு "புதுசு" இல்லையாம். காய்கறியா என்ன?

அந்தக் கம்பெனியின் கழிவு வேலை எங்களிடம்தான் வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும்.

"நம்ம அக்கா இருக்கா, அப்புறம் என்ன கவலை" என்றார் அப்பா.

"அப்பா, பேரே தெரியாதுப்பா எனக்கு. கறுப்புப் பட்டை போட்டிருக்கும்."

"அட, தெரியாட்டி என்ன. உன் கைராசி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானும் அவனும்தான் விண்ணப்பத்தை நிரப்பினோம். 'சதவீதம் (மார்க் ஷீட்டில் உள்ளபடி, இரண்டு தசமம் வரை)' என்ற கட்டத்தில் அவன் விரல் நின்றது.

"அக்கா, அறுபதுன்னு போடட்டுமா? முதல் வகுப்புன்னுதானே குடுத்திருக்காங்க?"

"டேய், உள்ளது உள்ளபடி போடு. மார்க் ஷீட்ல ஒண்ணு, இங்க ஒண்ணு இருந்தா பொய்க் கணக்குன்னு அப்படியே தூக்கி வெளிய போட்டுடுவாங்க. நான் தினமும் பார்க்கறேன்டா இந்தக் கூத்தை."

"அறுபதுக்குக் கீழ இருக்கேன்னு தூக்கிட மாட்டாங்களா?"

"நீதான் முதல் வகுப்பாச்சே" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். ஐந்து வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஐம்பத்தொன்பதை இடது பக்கம் தள்ளுகிறவள் நான். அதே நான், வீட்டில் உட்கார்ந்து இப்படிச் சொன்னேன். வீட்டில் அவன் வகுப்பு, ஆபீஸில் அது எண். இரண்டையும் ஒரு தடவைகூட நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, நான் ஐந்து வருட அனுபவத்தையும் சேர்த்துப் போட்டு வைத்தேன்.

அவன் ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு இரண்டு என்று அடித்தான். அனுப்பினான். டீ போட்டுக் குடித்தோம்.

பதினோராயிரம் விண்ணப்பங்கள் வந்தன, ஒன்பது நாளில் முடிக்கச் சொன்னார்கள். அந்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. வலது கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டே வேலை பார்த்தேன். பக்கத்து இருக்கையில் கண்ணாடிக்கா. பதினான்கு வருடமாக அந்த அறையில் இருக்கிறார், கண்ணாடி வருடத்துக்கு ஒரு முறை தடிமனாகும். வாய் பேசும், கை பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். நாள் ஒன்றுக்கு முந்நூறு பார்த்த பிறகு கண் எண்ணுக்குப் போகும், விரல் பொத்தானுக்குப் போகும், நடுவில் ஆள் தேவையில்லை.

பட்டியல் திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனது. புதன்கிழமை தம்பிக்கு மெயில் வந்தது. 'தங்கள் விண்ணப்பம் மிகவும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. வருந்துகிறோம்.' அவன் அதைக் கடையிலிருந்து எனக்கு அனுப்பினான். கூட ஒரு வரி. 'என்னக்கா இது?'

எனக்கு அப்போதும் புரியவில்லை. ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்காவிடம் பழைய கழிவுகளைத் திறந்து பார்க்கிற அனுமதி உண்டு. விண்ணப்ப எண்ணைக் கொடுத்தேன்.

"யாருடி இது?"

"தெரிஞ்சவங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய்ப் படித்தார். "ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு ரெண்டு. இடது. சரியாத்தானே போட்டிருக்கு?"

"அது முதல் வகுப்புக்கா. அந்த யுனிவர்சிட்டில அரைக்கு மேல இருந்தா..." என்று ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து வெளியே வரும்போதுதான் அது எனக்கே கேட்டது.

"அப்படிப் பார்த்தா எத்தனை பேரு" என்றார் அவர். பிறகு, "யாரு போட்டதுன்னு பாக்கட்டா?" என்று கீழே உருட்டினார். உருட்டிவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். நானே குனிந்து பார்த்தேன். இருக்கை எண் நாலு. வியாழன், காலை பதினொன்று நாற்பத்திரண்டு. எடுத்துக்கொண்ட நேரம் மூன்று வினாடி.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பல்லைப் பிடுங்கலாமா, வேர் சிகிச்சை செய்யலாமா என்று கண்ணாடிக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஒரு நினைவும் இல்லை. அவன் மார்க் ஷீட் என் முன்னால் வந்திருக்கிறது. அவன் விடிய விடியப் படித்து எழுதிய பாடங்கள் வரிசையாக. கணக்கியலில் எழுபத்தொன்று, அதை வாங்கிவந்த அன்று நான்தான் அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் தள்ளியிருக்கிறேன்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பக்கம் இருக்குமே, தொட்டால் அடுத்தவர் கன்னம் மாதிரி, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. என் இருக்கைக்குத் திரும்பிப் போய் அன்றைய மீதியை முடித்தேன். வேறொரு கம்பெனி, வேறொரு அளவு. நூற்றுப் பதினேழு இடது, நாற்பது வலது.

மறுநாள் காலை மேலாளரிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சதவீதம். நல்ல மனுஷன் என்றோ கெட்ட மனுஷன் என்றோ சொல்ல முடியாது. மழை வருமா என்று கேட்டால் "அறுபது சதவீதம்" என்பார்.

"உக்காரும்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி என்பதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடிக் கேட்டார்.

"அந்த மாதிரி அரைக்கு மேல, அறுபதுக்குக் கீழ எத்தனை பேரு இருக்காங்க, பார்த்தியா?"

பார்த்திருந்தேன். கண்ணாடிக்கா எடுத்துக் கொடுத்தார். "இருநூத்திப் பன்னெண்டு சார்."

"எல்லாரும் அந்த யுனிவர்சிட்டியா?"

"பாதிக்கு மேல."

"உன் சீட்ல?"

"முப்பத்தெட்டு."

அவர் அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். "ஒருத்தனுக்காகத் திறந்தா இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் திறக்கணும். திறந்தா, நாங்க கழிச்சது தப்புன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் இந்த வேலை நமக்கு வராது. இந்த ரூமே இருக்காது. நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன்." பிறகு குரலை இறக்கினார். "வாயால கேட்டுப் பார்த்தேம்மா, போன வருஷமே. ரவுண்டு பண்ணினா ஒத்துக்குவீங்களான்னு. அறுபதுன்னா அறுபதுன்னுட்டாங்க."

"பட்டத்துல முதல் வகுப்புன்னு இருக்கே சார்."

"அவங்க பட்டத்தை இன்டர்வியூலதான் பார்ப்பாங்க. இன்டர்வியூக்கு அவன் வந்தாத்தானே?"

எழுந்தேன். கதவுக்குப் போவதற்குள் கூப்பிட்டார்.

"நம்ம ரூம்ல ரெண்டாம் நம்பர் சீட்டு காலி. வேணும்னா அவனைச் சேர்த்துக்கறேன். இருபதாயிரம். ஒரே ஒரு விஷயம். முதல் வகுப்பு ஆளுங்களை இந்த ரூமுக்கு எடுக்கக் கூடாதுன்னு மேல உத்தரவு. மூணு மாசத்துல ஓடிடறாங்களாம். அதனால ஐம்பத்தொன்பதுன்னு போட்டு, ரெண்டாம் வகுப்புன்னு எழுதிடுவோம். மார்க் ஷீட் மட்டும் கொண்டுவரச் சொல்லு. பட்டம் வேண்டாம்."

நன்றி சார் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அன்று சாயங்காலம் தம்பி கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அப்பா தரையில் உட்கார்ந்து ஒரு ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"உன் விண்ணப்பத்தைக் கழிச்சது நான்தான்டா."

அவன் துண்டால் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். "நீயேவா?"

"என் சீட்டுக்குத்தான் வந்திருக்கு. பேரு தெரியல. எனக்கு... நான் கவனிக்கல."

"ஐம்பத்தொன்பதுன்னு இருந்ததாலயா?"

"ஆமா."

"அறுபதுன்னு போட்டிருந்தா?"

மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகவில்லை என்று அதையும் இடது பக்கம்தான் தள்ளியிருப்பேன். அதைச் சொன்னேன். எப்படியும் வலது பக்கம் போயிருக்காது என்று சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன் போல. சொன்ன பிறகு பார்த்தால் அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

அப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "உன் சீட்டுக்கு வராம வேற சீட்டுக்குப் போயிருந்தா?"

"அவங்களும் இதையேதான்பா பண்ணியிருப்பாங்க."

"அப்ப உன் மேல என்னம்மா தப்பு?"

"இருக்குப்பா."

"நீ வேணும்னு பண்ணலியே?"

"வேணும்னு பண்ணியிருந்தா அவன் மார்க் ஷீட்டை ஒரு தடவையாவது முழுசாப் பார்த்திருப்பேன்பா."

அப்பா சின்ன ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டார். நான் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று விரும்பினேன். சின்ன வயதில் பென்சிலை எடுத்துவிட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவான். 'நீயெல்லாம் ஒரு அக்காவா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதும். அதைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதிருப்பேன்.

அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "வேற ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

இரண்டாம் நம்பர் இருக்கையைப் பற்றிச் சொன்னேன். இருபதாயிரம் என்று சொன்னேன். இரண்டாம் வகுப்பு என்று எழுதுவார்கள் என்பதையும் விடாமல் சொன்னேன்.

"எப்பச் சேரணும்?"

"டேய், யோசிச்சுச் சொல்லுடா. வேற எங்கயாவது..."

"கடையில ஒன்பதுக்கா. இது இருபது. இதுல யோசிக்க என்ன இருக்கு? இன்னும் ரெண்டு வாரத்துல நான் புதுசும் இல்ல." சாப்பிடப் போனான். நன்றாகவே சாப்பிட்டான்.

திங்கட்கிழமை சேர்ந்தான். வகுப்பு என்ற கட்டத்தில் ஏற்கெனவே 'இரண்டாம்' என்று அடித்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டான். கண்ணாடிக்கா அவனுக்கு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து கொடுத்தார். "அக்காவும் தம்பியும் ஒரே சல்லடையிலயா, நல்லதுதான், ஒரே டிபன் கேரியர் போதும்" என்றார். யாரோ சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அப்பா அன்று போன வீட்டில் "மகன் ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்க, இப்ப அக்கா ஆபீஸ்லயே வேலை" என்று சொன்னதாக அவரே வந்து சொன்னார்.

வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. முதல் நாள் அவன் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். பத்துக்கு எப்படி, நாலுக்கு எப்படி, பின்பக்கப் பொடி எழுத்தை எங்கே பார்ப்பது, தலைகீழ்ப் படத்தை எப்படித் திருப்புவது. எல்லாம் சொன்னேன். அன்று வந்த கம்பெனியும் அறுபது கேட்ட கம்பெனிதான். ஐம்பத்திரண்டு வந்தது, அறுபத்து நாலு வந்தது, ஐம்பத்தெட்டு வந்தது. அறுபதுக்குச் சற்றுக் கீழே மட்டும் ஏதும் வரவில்லை. வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆனால் வரும். எப்படியும் வரும். அன்று இரவு படுக்கையில் ஒரு முடிவுக்கு வந்தேன். நாளைக்கு அவன் தானாகச் செய்ய உட்காருவான். அந்த மாதிரி ஒன்று வந்தால் நிச்சயம் என்னைத் திரும்பிப் பார்ப்பான். "அக்கா, இது?" என்று கேட்பான். கேட்டால் 'வலது' என்று சொல்லிவிடுவேன். சரிபார்க்கிறவர்கள் பிடிக்கட்டும், சதவீதம் கூப்பிட்டு விசாரிக்கட்டும், என் வேலையே போகட்டும். அவன் கேட்டு நான் 'இடது' என்று சொல்ல மாட்டேன். அந்த முடிவுக்கு வந்ததும் பல நாளைக்குப் பிறகு உடம்பில் எங்கோ ஓர் இடத்தில் உணர்ச்சி வந்த மாதிரி இருந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் அது ஓர் உணர்ச்சி. தூங்கினேன்.

மறுநாள் அவன் இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தான். நான் என் வேலையை விட்டுவிட்டு அவன் பின்னால் நின்றேன், கற்றுக்கொடுக்கிற சாக்கில். முதலில் தயங்கித் தயங்கிச் செய்தான். ஒவ்வொன்றுக்கும் மார்க் ஷீட் முழுவதையும் மேலிருந்து கீழே படித்தான். பத்தரைக்குள் பாதி படித்தான். பதினொன்றுக்கு மேல் கண் நேராக எண்ணுக்குப் போக ஆரம்பித்தது. கெட்டிக்காரன். எனக்கு அது வர இரண்டு வாரம் ஆயிற்று.

பதினொன்றரை இருக்கும். ஒரு மார்க் ஷீட் வந்தது. அவன் படித்த அதே பல்கலைக்கழகத்தின் பச்சை ஓரம் போட்ட தாள். பெயர் மேல் கறுப்புப் பட்டை. மேலே அடித்திருந்தது: 59.81.

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவன் திரும்புவதற்காக அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பவில்லை. விரல் இடது பொத்தானுக்குப் போனது, அழுத்தியது.

அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்வதாக நான் முடிவு செய்திருந்தேன். கேட்காமலே சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை, இவ்வளவுதான் நான். அந்த 59.81 யாருடைய தம்பியோ, யாருடைய அக்காவோ. எங்கேயோ ஒரு சமையலறை மேசையில் உட்கார்ந்து யாரோ உள்ளது உள்ளபடி அடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் பொத்தானை மறுபடி தட்டிப் பார்த்தான்.

"அக்கா, அடுத்தது ஏன் இன்னும் வரல?"

"வரும்டா, நெட் ஸ்லோ" என்றேன்.